ஒன்றாம் வகுப்பில் காலி, ஆறாம் வகுப்பில் நெரிசல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 1 அன்று தலை எண்ணுவார்கள். அன்றைய தேதியில் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதற்குத் தக்கபடிதான் ஆசிரியர். கணக்குக்கு மேல் இருப்பவர் ‘உபரி’; அவருக்குப் பணி நிரவல் கலந்தாய்வு, வேறு ஊர், வேறு பேருந்து. ஆசிரியர் போதவில்லை என்றால் ‘கூடுதல் தேவை’ என்று படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பி அனுப்பலாம். உபரியைக் கொண்டுபோகிற வேகம் தேவையைக் கொண்டுவருவதில் இருக்காது என்பது இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்த எவருக்கும் தெரியும்.

தருமபுரி நகரத்தின் ஓரத்தில், சேலம் சாலைப் பக்கம் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஒன்று முதல் ஐந்து வரை பிள்ளைகள் குறைந்துபோனதால் ஓர் இடைநிலை ஆசிரியர் உபரி. ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகள் பெருகிவிட்டதால் ஒரு பட்டதாரி ஆசிரியர் தேவை. ஒரே காம்பவுண்டு, ஒரே கொடிக்கம்பம், ஒரே சத்துணவுக்கூடம். படிவத்தைப் பார்த்தால் பாதி காலியான பள்ளி, பாதி பிதுங்கி வழிகிற பள்ளி. அப்போது அங்கே தலைமையாசிரியராக இருந்தவரைப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் அதே பெயர்தான். இங்கும் அதுவே போதும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாவட்டம் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனது. மிஞ்சிய தருமபுரியில் 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேர். நகரத்தில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலச் சராசரி 80.09 ஆக இருந்தபோது தருமபுரிதான் கடைசி. மாவட்டத்துக்கு மாறுதலாகி வருகிற ஒவ்வோர் அதிகாரியும் முதல் கூட்டத்தில் இந்தக் கடைசி இடத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார் என்பது பெரிய டீச்சரின் சலிப்பு. “கடைசின்னா கடைசிதான், ஒத்துக்கறேன். ஆனா எந்த ஊரு கடைசி, எந்தத் தெரு கடைசின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

அவருடைய முதல் பள்ளி சித்தேரி மலையில். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் ஒன்றையும் இரண்டையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்துக்கொள்வார். மற்றவர் மூன்று, நான்கு, ஐந்தை அறைக்குள் வைத்துக்கொள்வார். சம்பள பில், கூட்டம் என்று ஒருவர் அரூருக்கு இறங்கினால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளி. கீழே இருந்த சக ஆசிரியர்கள் ‘சொகுசு போஸ்டிங்’ என்று கிண்டல் செய்வார்களாம். முப்பது பேரும் ஒரே வகுப்பாக இருந்தால் சொகுசுதான். ஒருவன் உயிரெழுத்தில் நிற்க, அடுத்தவள் பின்னக் கணக்கில் நிற்க, மூன்றாமவன் ஆட்டை மலையில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்து நின்றால் அது நெரிசலில் ஒரு வகை. தலை எண்ணிக்கையில் அது தெரியாது.

கல்வி உரிமைச் சட்டமும் தலையைத்தான் எண்ணுகிறது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின் அட்டவணையை ஆசிரியர்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்: தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருவர், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர், 150ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். இதில் 60 என்கிற முதல் படியைக் கவனியுங்கள். அறுபது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: இது சட்டப்படி சரியான பள்ளி. சித்தேரியில் அவர் பார்த்ததைச் சட்டம் பின்னால் வந்து சரி என்று சொன்னது, அவ்வளவுதான்.

செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது மலைப்பள்ளிகளில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்கிறார். ஆந்திராவின் ரிஷிவேலியில் சிறிய கிராமப் பள்ளிகளுக்காகப் பிறந்த முறை அது. பாய் விரித்து, அட்டை எடுத்து, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து படிப்பது மலையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத, சுவரைச் சுற்றி இடுப்புயரத்துக்கும் கீழே கரும்பலகை அடித்துக் கொடுத்தார்கள். பிற்பாடு அவர் நகரத்தின் ஓரத்துக்கு வந்தபோது அங்கும் அதே தாழ்ந்த கரும்பலகைகள் இருந்தன. ஒன்றின் மேலும் எழுத்து இல்லை. ஐம்பது புத்தகப் பைகள் சுவரோரம் அடுக்கப்பட்டு அவற்றை மறைத்திருந்தன.

சட்டத்தில் தூரமும் உண்டு. குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி. ஆனால் ‘இந்தத் தெருப் பிள்ளை இந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்’ என்று எல்லை போடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே பள்ளி மாவட்டத்துக்கு வரைபடத்தில் கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீட்டு விலை ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களின் வெள்ளைப் பிள்ளைகளையும் கோடு தாண்டிக் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. இந்தியாவில் 1964–66இல் கோத்தாரி குழு நேர் எதிரான ஒன்றைக் கேட்டது: அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும், பணக்காரர் ஏழை பேதமின்றி, அந்தப் பகுதிப் பள்ளியிலேயே படிக்கட்டும் என்றது. 1968 கல்விக் கொள்கையில் பொதுப் பள்ளி முறை என்று அது இடம்பெற்றது. இடம்பெற்றதோடு சரி.

எல்லை இல்லை என்பதால் எல்லையே இல்லை என்று ஆகிவிடாது. தருமபுரியில் அந்தக் கோட்டை வேன் போடுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். பெரிய டீச்சர் கையோடு ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துப்போவார். கதவு எண், பிள்ளையின் பெயர், வயது, எந்தப் பள்ளி. இவற்றோடு அவராகச் சேர்த்துக்கொண்ட ஒரு பத்தி: ‘வேன் நிற்குமிடம்’. மஞ்சள் வேன் தெருமுனை வரை வந்தால் அந்தத் தெருவிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை வராது. தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் வேன் திரும்பிப்போனால், மண் பாதைக்கு அந்தப்பக்கம் உள்ள வீடுகள் இவர் கணக்கில். ஒரு வருடம் ஊராட்சியில் சிமென்ட் சாலை போட்டார்கள். அடுத்த ஜூனிலேயே வேன் உள்ளே வந்தது. இரண்டு தெருப் பிள்ளைகள் போனார்கள். சாலை கேட்டு மனு எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வேனில் போகிற குடும்பங்கள் பணக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், பெங்களூரில் கட்டட வேலை செய்து மாதம் ஒருமுறை வந்துபோகிறவர். கையில் கொஞ்சம் காசு புரள்கிற வீடு என்பதுதான் கணக்கு. எஞ்சி நின்றவர்கள் யார்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் மழைக்காலத்தில் திரும்புகிறவர்கள், திருப்பூருக்குப் போன பெற்றோர் தாத்தா பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைகள், கணவன் இல்லாத வீடுகள். ஒன்றாம் வகுப்பில் பதினொரு பேர் இருந்த ஓர் ஆண்டில், கையெழுத்துப் போட அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கு வந்த வீடுகள் நான்குதான். மற்றதெல்லாம் பாட்டிகளின் கைரேகை.

கோட்டின் இன்னொரு பக்கம் சாதி. காலனியை ஒட்டி ஆதி திராவிடர் நலப் பள்ளி, ஊருக்குள் ஒன்றியப் பள்ளி. இரண்டுக்கும் நடந்து போகிற தூரம்தான், ஆனால் துறை வேறு, அலுவலகம் வேறு, ஆசிரியர் மாறுதல் பட்டியல் வேறு. இது மாநிலம் முழுக்க உள்ள ஏற்பாடு. இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023–24 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பெரிய டீச்சர் இதைப்பற்றி நீளமாகப் பேசுவதில்லை. “ரெண்டு ஸ்கூலையும் சேத்தா ரெண்டு பக்கமும் சண்டைக்கு வருவாங்க, சேக்காட்டி ரெண்டும் காலியாவும்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இனி ஆறாம் வகுப்பு.

கீழ் வகுப்புகளை வேன் உறிஞ்சிக்கொண்டு போக, மேலே ஏன் கூட்டம்? 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கும் அப்போது நிபந்தனை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான். நல்ல திட்டங்கள் இரண்டும் ‘ஆறு’ என்கிற ஒரே எண்ணில் வந்து நின்றன. பெற்றோருக்குக் கணக்கு உடனே பிடிபட்டது. ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் பணம் கட்டி ஆங்கிலம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் சலுகை.

ஒரு தகப்பன் இதை ஒளிக்காமலே சொன்னாராம். “அஞ்சு வரைக்கும் இங்கிலீஷ் நல்லா பழகிட்டான் டீச்சர். இனிமே கவர்மென்ட்ல இருந்தாத்தான் நாளைக்கு டாக்டர் சீட்டுக்கு ஒதவும்.”

“ஏம்ப்பா, அந்த அஞ்சு வருசமும் எங்ககிட்ட வுட்டிருந்தா நாங்க என்ன புள்ளையக் கடிச்சா தின்னுருவோம்?”

தகப்பன் சிரித்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நகரத்துக்குள் இருக்கும் அவ்வையார் அரசு மகளிர் பள்ளி, அதியமான் அரசு ஆண்கள் பள்ளி போன்றவை பேர்போன பள்ளிகள். இலவச பஸ் பாஸ் இருப்பதால் தொலைவிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களும், சின்னப் பெண்ணைப் பேருந்தில் தனியாக அனுப்பத் தயங்குகிறவர்களும் ஓரத்து நடுநிலைப் பள்ளியில் வந்து விழுவார்கள். எட்டு முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

அப்படி வந்த ஒரு ஜூனில் ஆறாம் வகுப்பு எழுபதைத் தொட்டது. அறை ஒன்றுதான். மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஐந்து பேர். நடுவில் இருப்பவன் எழுதத் தொடங்கினால் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கும். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பெரிய டீச்சர் முதல் நாளே கண்டுபிடித்துப் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றுவார். இல்லையென்றால் நாள் முழுக்கச் சண்டை. வடிவியல் நடத்தும் நாளில் காம்பஸை விரிக்க இடம் இல்லாமல் இரண்டு பெஞ்சுக்கு ஒரு முறை எழுப்பித் தரையில் உட்கார வைத்து வரையச் சொல்வார். பத்து நிமிட இடைவேளையில் கழிப்பறை வரிசை முடியாது. அதனால் பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீரே குடிக்காமல் வருவதை அவர் கவனித்தார். வகுப்பு வாரியாக இடைவேளையைப் பிரித்துப் போட்டது அதற்குப் பிறகுதான். கூட்டமான பள்ளியில் தலைமையாசிரியரின் பாதி வேலை இப்படி நேரத்தையும் பெஞ்சையும் பிரித்துக் கொடுப்பதில் போய்விடுகிறது. பாடம் எடுப்பது மீதிப் பாதி.

அதே அறைக்குள் இன்னொரு கோடும் இருந்தது. 2013–14 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. ஆசிரியர் கூடவில்லை, பிரிவு மட்டும் கூடியது. பதிவேட்டில் ‘ஆங்கில வழி’ ஐம்பதும் ‘தமிழ் வழி’ இருபதும்; உட்காருவது ஒரே அறை, எதிரே ஒரே ஆசிரியர். பின்னத்தைத் தமிழில் ஒரு முறை சொல்லி, கரும்பலகையில் அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதிப்போட வேண்டும். தமிழ் வழியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த சூளைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கில வழியில் இருந்தவர்கள் வேனிலிருந்து இறங்கியவர்கள். யாரும் சொல்லித்தராமலே முதல் வாரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே அப்படிப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் உயர வரிசையைச் சாக்காகச் சொல்லி எல்லோரையும் கலைத்து உட்கார வைத்தார். ‘எங்க பாப்பாவை முன்னாடி உட்கார வைங்க’ என்று மூன்று தாய்மார்கள் வந்தார்கள். மூவரும் வேன் பக்கம்.

ஷிப்டு வைத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார். காலையில் பாதி, மதியம் பாதி. தமிழ்நாட்டுக்கு அது புதிதல்ல. 1953இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு வேளை வைத்தார், அதே அறையில் இரு மடங்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அதன் கணக்கில் ஒரு பகுதி. மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றதில் அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பெரிய டீச்சரின் ஆட்சேபம் இவ்வளவு வரலாற்றுக்குப் போகவில்லை. மதிய ஷிப்டுப் பெண்கள் இருட்டில் வீட்டுக்குப் போக வேண்டும். பாதிப் பேர் தீபாவளிக்குள் நின்றுவிடுவார்கள் என்றார். இளவயதுக் கலியாணம் இன்னும் ஓயாத மாவட்டத்தில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நெரிசல் என்றாலே கேடு என்பதல்ல அவர் கட்சி. பள்ளியில் எல்லாத் தரப்பும் கலந்து இருந்த ஒரே காலம் நெரிசலாக இருந்த காலம்தான் என்பார். கொரோனாவால் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. அதற்கு முன்பே சேர்க்கை குவிந்துவிட்டது. கட்டணம் கட்ட முடியாமல் மாநிலம் முழுக்கப் பல லட்சம் பிள்ளைகள் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய வருடம் அது. மொபைல் கடைக்காரர், டிராவல்ஸ் வைத்திருந்தவர், சம்பளம் நின்றுபோன தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர், எல்லோர் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பழைய பள்ளி பாக்கிக் கட்டணத்தைச் சொல்லி டி.சி. தர மறுத்தது. டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. பெரிய டீச்சர் பிள்ளையை உட்கார வைத்துவிட்டார். ஆனால் மாணவர் விவரம் பதிவாகும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி இழுத்துக்கொள்ள முடியும். விடுவிக்கவில்லை. பிள்ளை தினமும் வகுப்பில் இருக்கிறாள்; எண்ணிக்கையில் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலகம் வரை போன பிறகுதான் பெயர் வந்தது.

அந்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வழக்கம்போல் பதினைந்து நிமிடத்தில் முடியவில்லை. முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்று சட்டம் வகுத்த குழு அது. அதுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். மொபைல் கடைக்காரர் முதல் கூட்டத்திலேயே எழுந்தார். “மேடம், ஸ்மார்ட் கிளாஸுக்கு ஸ்பான்சர் புடிச்சுடலாம், நான் பாத்துக்கறேன்.”

சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா பின்னாலிருந்து, “அண்ணா, அது அப்புறம் இருக்கட்டும். கக்கூஸ்ல மோட்டார் தண்ணி ஏறலைன்னு ஆறு மாசமா சொல்றேன்” என்றார்.

மறுநாள் கடைக்காரர் பிளம்பரோடு வந்து நின்றார். ஆறு மாதமாக ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது ஒரே நாளில் சரியானது. இதே கதை பெரிய அளவில் ஈரோட்டில் நடந்ததைப் பெரிய டீச்சர் நினைவுபடுத்துவார்: 2011இல் அப்போதைய ஆட்சியர் ஆர். ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார், நாடே பேசியது. வசதியுள்ளவர் பிள்ளை உட்கார்ந்தால் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது சந்தோஷமா, வெட்கக்கேடா என்று கேட்டால், “ரெண்டுந்தான், தண்ணி வரட்டும்” என்கிறார்.

2022 ஜூனில் மொபைல் கடைக்காரர் வந்து டி.சி. வாங்கிக்கொண்டார். கடை பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. தனியார் பள்ளி ஆசிரியையின் மகள் மட்டும் தங்கினாள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 25 விழுக்காடு ஒதுக்கீடு. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(c) பிரிவுப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஓர் இடத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும், பணத்தை அரசு கொடுக்கும். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 12 அன்று இதைச் சரி என்றது. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், எல்.கே.ஜி.யில் சேர்க்கை. இதற்கு மட்டும் எல்லைக்கோடு உண்டு! அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வர, பாட்டி வீட்டு முகவரி, சித்தி வீட்டு முகவரி எல்லாம் உதவும். ஏழைப் பிள்ளை வசதியான வகுப்பில் உட்காருவது நியாயம்தான். அதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் இணையத்தில் விண்ணப்பித்து, வருமானச் சான்று வாங்கி, குலுக்கலுக்கு வந்து நிற்கக்கூடிய பெற்றோர்தான் அரசுப் பள்ளிக்கூட்டத்திலும் எழுந்து கேள்வி கேட்கிறவர்கள். அரசுப் பணத்திலேயே அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மேலாண்மைக் குழுவில் பேச ஆளில்லையே என்று அரசே வருத்தப்படுவது அவருக்கு விளங்கவில்லை. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்த தகராறில் 2025 கோடையில் இந்தச் சேர்க்கையே தொடங்காமல் நின்று, அக்டோபரில்தான் நகர்ந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளை எந்த எண்ணிக்கையில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

எழுபது பேர் இருந்த அந்த ஆறாம் வகுப்புக்கு மீண்டும் வருவோம். கேட்ட பட்டதாரி ஆசிரியர் வரவில்லை. 2022இல் மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றார்கள், எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஒரு பெண் வந்து சேர்ந்தார், நன்றாகவே நடத்தினார், நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுதிப் போய்விட்டார். அறை மட்டும் அதே அறை.

பெரிய டீச்சருக்கு இதற்கு ஒரு யோசனை இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டரில் இன்னொரு நடுநிலைப் பள்ளி. மூன்று அறை பூட்டிக் கிடக்கிறது, வேப்ப மரம், விளையாட இடம், ஆறாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், எந்த ஆகஸ்டிலும் உபரியாகிவிடலாம் என்று பயந்துகொண்டிருக்கும் ஆசிரியர்கள். நகர ஓரத்து வீட்டுமனைப் பிரிவுகளிலிருந்து இருபது பிள்ளைகள் அங்கே போனால் இரண்டு பள்ளியும் மூச்சுவிடும். ஒரு வண்டிதான் வேண்டும். பள்ளி தூரமாக உள்ள மலைக் குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து, வழித்துணை என்று அரசு காசு கொடுக்கிறது. அதையே இதற்கும் கேட்கலாம் என்று மனு எழுதி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். மனுவை இரண்டு தரம் படித்தார். “டீச்சர், ஸ்கூலு தூரமா இருந்தா வண்டி குடுக்க வழி இருக்கு. ஸ்கூலு ரொம்பிட்டா வண்டி குடுக்க அரசாணை இல்லீங்களே.”

“ரொம்புன ஸ்கூலும் தூரந்தானுங்க சார். உள்ள வந்து உக்காந்த புள்ளைக்கும் போர்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு வந்து பாருங்க.”

அரசாணை வரவில்லை. வழி வேறு இடத்திலிருந்து வந்தது. காலையில் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவர நகரத்திலிருந்து தனியார் பள்ளி வேன்கள் காலியாகத்தான் கிளம்புகின்றன. அதில் ஒரு வேனின் ஓட்டுநர், மகளை இவரிடம் படிக்கவைத்தவர், தலைக்கு மாதம் 200 ரூபாய் கொடுத்தால் போகிற வழியில் கிராமத்துப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வேன் ஏழரைக்கே கிளம்பிவிடும். கூடவே ஏறிய தம்பி தங்கைகளுக்கு ஒன்றியப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் கிடைக்கிற காலை உணவுக்கு அது சரியான நேரமாகவும் ஆனது. முதலில் பெற்றோர் தயங்கினார்கள்: டவுனை விட்டுவிட்டுப் பட்டிக்காட்டுக்கா என்று. ஒரு சனிக்கிழமை அவர்களை அழைத்துப்போய்ப் பூட்டியிருந்த அறைகளைத் திறந்து காட்டினார். பதினான்கு பிள்ளைகள் மாறினார்கள். மாலையில் திரும்பி வர அரசுப் பேருந்து, பஸ் பாஸ்.

அந்தக் கிராமப் பள்ளியில் பிறகு யாரும் உபரியாகவில்லை. நகர ஓரத்துப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஐம்பதுகளுக்கு இறங்கி, அடுத்த ஜூனில் மறுபடி எழுபதைத் தொட்டது. சேலம் சாலையில் இன்னும் இரண்டு மனைப்பிரிவுகளுக்குக் கல் நட்டிருந்தார்கள்.